கடல்மேல் கேட்ட ஏலம்

மதுரைக்குத் தெற்கே, திருமங்கலத்தைக் கடந்து கரிசல் மண் தொடங்குகின்ற பகுதியில் உள்ளது நாம் பணியாற்றும் பங்கு. ஆண்டுதோறும் செப்டம்பர் 8-ஆம் நாள், அன்னையின் பிறப்பு விழாத் திருப்பலி முடிந்ததும், கோயில் முற்றத்து வேப்பமரத்தடியில் ஏலம் நடைபெறும். நேர்ச்சையாக வந்தவையே ஏலத்திற்கு வரும்: கிடாக்குட்டி, சேவல், தென்னங்கன்று, வாழைக்குலை, பரங்கிக்காய், ஒரு படி உப்பு. உபதேசியார் ஒலிபெருக்கியில் "ஒரு தரம்... இரண்டு தரம்..." என்று இழுத்து இழுத்துக் கூறுவார். சந்தையில் நாற்பது ரூபாய் பெறும் பரங்கிக்காய் இங்கே ஐயாயிரத்துக்குப் போகும். கேட்டவருக்கும் அதன் விலை நாற்பது என்று தெரியும், கூறியவருக்கும் தெரியும், சுற்றி நிற்போர் அனைவருக்கும் தெரியும். மிச்சத் தொகை அன்னைக்கு. கொஞ்சம், ஊருக்கு முன் தலைநிமிர்ந்து நிற்பதற்கும்தான், அதை மறைப்பானேன்?

இது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூரை அடுத்த ஒட்டனந்தல் முருகன் கோயிலில், பங்குனி உத்திர விழாவின்போது வேலில் செருகிய எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுவர். 2024-ஆம் ஆண்டில் ஒன்பது பழங்களுக்கு வந்த தொகை இரண்டு இலட்சம் ரூபாயைக் கடந்தது என்று நாளிதழ்கள் எழுதின. எழுதியவர்கள் வியந்தனர். கேட்டவர்கள் வியந்திருக்கமாட்டார்கள்.

பல ஆண்டுகளாக இத்தகைய ஏலங்களுக்குத் தலைமை தாங்கிய நாம், வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் ஏலம் கேட்டோம். வேப்பமரத்தடியில் அன்று, நடுக்கடலில், ஒரு சொகுசுக் கப்பலில், ஓர் ஓவியத்திற்காக. அதை எழுதவே இக்கட்டுரை. 'நாம்' என்று எழுதுவது குருக்களுக்குப் பழகிப்போன நடை. அதில் ஒரு வசதியும் உண்டு: பிழையைப் பலருக்கும் பங்கிட்டுவிட்டது போன்ற ஆறுதல் கிடைக்கும். ஆகவே முதலிலேயே கூறிவிடுகிறோம். இதில் வரும் பிழை முழுவதும் ஒருவருடையதே.

2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் குருத்துவ வெள்ளி விழாவைப் பங்கு மக்கள் கொண்டாடினர். பொன்னாடை, வாழ்த்துக் கவிதை, பிரியாணி எல்லாம் இருந்தன. இறுதியில் பங்குப் பேரவையினர் ஒரு பொன்முடிப்பு வழங்கினர்: ஒரு இலட்சத்து ஐயாயிரம் ரூபாய். நூறு நாள் வேலைக்கும் தீப்பெட்டி ஒட்டவும் போகின்ற பெண்கள் ஐம்பதும் நூறுமாகப் போட்ட பணம் அதில் இருந்தது. மறைமாவட்டக் குருக்களுக்குத் துறவற சபையினரைப் போல ஏழ்மை வார்த்தைப்பாடு இல்லை. சட்டப்படி அது நம் பணமே. ஆயினும் அன்றிரவே அதை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானித்துவிட்டோம். கணவரை இழந்த ஒரு தாயின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுச் செவிலியர் படிப்புக்குக் காத்திருந்தாள். மறுநாள் காலைத் திருப்பலிக்குப் பின் அந்தத் தாயை அழைத்து, "முதல் வருசப் பணத்தைப் பத்திக் கவலைப்படாதீங்கம்மா, நான் பாத்துக்கிறேன்" என்று கூறியும்விட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

சிங்கப்பூரில் பொறியாளராக இருக்கும் நம் அண்ணன் மகனின் அன்பளிப்பு வேறு வகையாக வந்தது. "சித்தப்பா, நீங்கள் ஒருமுறையாவது கடலில் பயணம் செய்ய வேண்டும்" என்று கூறி, ஜூன் மாதத்தில் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வரவழைத்து, தன் குடும்பத்தோடு கப்பலில் ஏற்றினான். பினாங்கு, புக்கெட், மறுபடி சிங்கப்பூர் என்று சில நாட்கள். கப்பல் என்று எழுதுகிறோமே தவிர, அது மிதக்கின்ற ஒரு நகரம். ஒரு தளத்தில் நீச்சல் குளம், ஒரு தளத்தில் நாடக அரங்கு, மற்றொன்றில் சூதாட்டக் கூடம். கருத்தாய்ப் பிரித்தெடுத்துப் பார்த்தால், கடலைத் தவிர மற்றவை யாவும் அங்கே முதன்மை பெற்றிருந்தன. மேல் தளத்தில் தனியே நின்று செபமாலை சொல்ல நமக்கு ஒரு மூலை கிடைத்தது. அந்த அளவில் பயணம் நன்றாகவே சென்றது.

புக்கெட்டை விட்டுக் கிளம்பி, எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் கப்பல் ஓடிக்கொண்டிருந்த நாளில்தான் அந்த ஏலம். முதல்நாளே ஒரு நடைக்கூடத்தில் ஓவியங்களைத் தாங்கிகளில் நிறுத்தி வைத்திருந்தனர். பார்த்துக்கொண்டே வந்த நாம் ஓரிடத்தில் நின்றோம். மாலை வெளிச்சத்தில் ஓர் ஏரி. கரையில் வலை உலர்த்தும் கம்புகள். தொலைவில் ஒரு படகு. படகில் நின்றுகொண்டிருந்த ஓர் உருவம். கலிலேயக் கடல் என்று நமக்குத் தோன்றியது. அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. நம் கண்ணே அதற்குப் பெயர் சூட்டியது.

ஏலத்தன்று கூடத்தில் நுழைந்தவர்க்கெல்லாம் கண்ணாடிக் கிண்ணத்தில் நுரைக்கும் திராட்சை இரசம் இலவசம். நாம் ஆரஞ்சுச் சாறு எடுத்துக்கொண்டோம். எனவே பின்னர் நிகழ்ந்ததற்குப் போதையைக் காரணம் காட்டவும் வழியில்லை. ஒரு தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டு எண் எழுதிய அட்டையைக் கொடுத்தனர். தாளின் பின்புறம் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருந்தன. திருச்சபைச் சட்டத் தொகுப்பை நான்காண்டு படித்த நாம் அந்த ஒரு பக்கத்தைப் படிக்கவில்லை.

ஏலம் கூறியவர் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர். நகைச்சுவையாகப் பேசினார்; பெயர் கேட்டு அழைத்தார்; நாம் குரு என்று அறிந்ததும் எழுந்து தலை வணங்கினார். நம் ஏரிப் படம் மேடைக்கு வந்தது. "இதன் மதிப்பீட்டு விலை 1,900 டாலர். இன்று மாலை, இந்தக் கூடத்தில், 600-இலிருந்து தொடங்குகிறேன்" என்றார். அருகில் இருந்த அண்ணன் மகன் மெல்ல, "வேண்டாம் சித்தப்பா, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்றான். கைப்பேசியில் அந்த ஓவியரைப் பற்றித் தேடிப் பார்க்க முயன்றான். நடுக்கடலில் இணைப்புக்குத் தனிக் கட்டணம். அது அவ்வேளை கிடைக்கவும் இல்லை.

அப்போது நம் மனத்தில் ஓடியதை ஒளிக்காமல் எழுத வேண்டும். அழகில் மயங்கினோம் என்றால் பாதி உண்மைதான். மறுபாதி ஒரு கணக்கு. 1,900 பெறுமதியுள்ள பொருள் 600-க்குக் கிடைக்கிறது. மதுரையில் வசதியுள்ள ஒரு வீட்டாருக்கு அதை விற்றால் பொன்முடிப்புப் பணம் இரண்டு மடங்காகும். அந்தப் பெண்ணுக்கு முதலாண்டோடு இரண்டாமாண்டுக் கட்டணமும் தேறும். தாலந்து உவமை நினைவுக்கு வந்தது. மண்ணில் புதைத்து வைத்தவனாக நாம் ஏன் இருக்க வேண்டும்? மறைநூல் நம் ஆசைக்கு இவ்வளவு விரைவாகத் துணைக்கு வந்ததே, அதிலேயே நாம் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அட்டையை உயர்த்தினோம். பின்வரிசையில் யாரோ 625 என்றார். நாம் 650. சுத்தியல் விழுந்தது. கூடம் கைதட்டியது. அந்தக் கைதட்டல் இனித்தது என்பதையும் எழுதியே ஆக வேண்டும்.

அடுத்த நொடியில் அந்த இளைஞர் புன்னகையோடு கேட்டார்: "இதே படம் இதே விலைக்கு வேறு யாருக்கேனும் வேண்டுமா?" மூன்று அட்டைகள் உயர்ந்தன. மூவருக்கும் உண்டு என்றார். பின்வரிசைக்காரரும் அவர்களுள் ஒருவர். அவரை நாம் எதில் வென்றோம் என்று நமக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நாம் விரும்பவுமில்லை. வாங்குவோர் கட்டணம், சிப்பக்கூலி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 790 டாலர். நம் பணத்தில் அறுபத்தைந்தாயிரம் ரூபாய். அண்ணன் மகன் தானே செலுத்துவதாகக் கூறியும் நாம் இசையவில்லை. ஊர் திரும்பியதும் அண்ணனிடம் பொன்முடிப்பிலிருந்து எண்ணிக் கொடுத்தோம். சுருட்டிய படமும், பொன்னிற முத்திரை குத்திய சான்றிதழும், மதிப்பீட்டுத் தாளும் நம்மோடு வந்தன.

மதுரையில் ஒரு கடையில் சட்டமிட்டுப் பங்கு இல்லத்து அலுவலக அறையில் மாட்டினோம். வந்தவர் எல்லாரும் புகழ்ந்தனர். பங்குக்குருவின் அறையில் மாட்டியிருப்பதை யார் பழிப்பார்? ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருமண ஓலை எழுத வந்திருந்தார் ஒருவர். சிவகாசியில் அச்சகம் ஒன்றில் முப்பது ஆண்டுகளாக இயந்திரம் ஓட்டுபவர். அவரும் புகழ்ந்தார். பிறகு நெருங்கிச் சென்று பார்த்தார். சட்டைப் பையிலிருந்து, அச்சில் புள்ளி பார்க்கும் சிறு லென்சை எடுத்து, கண்ணை ஒட்டி வைத்துப் படத்தின் ஓரத்தில் பதித்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"சாமி, தப்பா எடுத்துக்காதீங்க. இது வரைஞ்சது இல்ல, அடிச்சது."

"துணியில்தானே இருக்கிறது? தூரிகைத் தடம் கையில் தட்டுகிறதே?"

"துணியிலயும் அடிக்கலாம் சாமி. தடம், மேல தடவுன பசை. நம்ம ஆப்செட்டா இருந்தா நாலு கலர் புள்ளியும் பூ மாதிரி வரிசையா நிக்கும். இதுல வரிசை இல்ல, தூவின மாதிரி இருக்கு. கம்ப்யூட்டர் மிசின்ல மையைத் தெளிச்சிருக்காங்க." சற்று நிறுத்தி, தொழில்காரருக்கே உரிய நேர்மையோடு, "ஆனா வேலை சுத்தம்" என்றும் கூறினார்.

அவர் சென்ற பின் சான்றிதழை எடுத்து முதன்முறையாக முழுவதும் படித்தோம். ஓவியரின் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில், 'ஜீக்லே' என்று ஒரு சொல் இருந்தது. 350 படிகளுள் 212-ஆவது என்றும், கையால் மெருகேற்றப்பட்டது என்றும் இருந்தன. குருத்துவக் கல்லூரியில் கற்ற அரைகுறைப் பிரெஞ்சு அன்றுதான் பயன்பட்டது. அந்த மொழியில் 'ஜீக்லே' என்றால் தெளித்தல், பீய்ச்சுதல். 1991-ஆம் ஆண்டில் ஜாக் டுகேன் என்ற அமெரிக்க அச்சுக் கலைஞர், கணினி வழி மை தெளிக்கும் அச்சுக்கு மதிப்பான ஒரு பெயர் வேண்டுமென்று அதைச் சூட்டினார் என்று பின்னர் அறிந்தோம். சிவகாசிக்காரர் லென்சில் கண்டதும் பிரெஞ்சுச் சொல் மறைத்ததும் ஒன்றே.

நிறுவனத்துக்கு மடல் எழுதினோம். மரியாதையான பதில் வந்தது. சான்றிதழில் உள்ளது உள்ளபடி எழுதப்பட்டிருக்கிறது என்றும், மதிப்பீட்டு விலை என்பது காப்பீட்டுக்காக, அதே படத்தைத் தங்களிடமே மறுபடி வாங்க ஆகும் விலை என்றும், மறுவிற்பனைக்கு உறுதி ஏதும் தரவில்லை என்றும் விளக்கியிருந்தனர். அனைத்தும் உண்மை. அவர்கள் பொய் ஏதும் சொல்லவில்லை. நம்மிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அவ்வளவுதான், நாமும் கேட்கவில்லை.

அதன் பின்னரே இத்தகைய கப்பல் ஏலங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். இலண்டனில் 1744-இல் தோன்றிய சோதபி, 1766-இல் தோன்றிய கிறிஸ்டி போன்ற ஏலக் கூடங்கள், பெரும்பாலும் பிறர் ஒப்படைத்த பொருளை இடைநின்று விற்றுத் தருபவை. கப்பலிலோ ஏலம் கூறுபவரின் நிறுவனமே பொதுவாகப் பொருளுக்கும் உடைமைக்காரர்; மதிப்பீடும் அதனுடையதே. கரையில் என்றால் அடுத்த தெருவில் இன்னொரு கடையில் விசாரிக்கலாம். கப்பலில் அடுத்த தெரு கிடையாது. கப்பலின் கொடி ஒரு நாட்டினது, ஏல நிறுவனம் வேறொரு நாட்டினது, வாங்குபவர் மூன்றாவது நாட்டவர், விற்பனை நடக்கும் நீர் பெரும்பாலும் எந்த நாட்டுக்கும் உரியதன்று. வழக்கு எங்கே தொடுப்பது? ஆயினும் தொடுத்தவர்கள் உண்டு. 2008-ஆம் ஆண்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், கப்பல் ஏலங்களில் பல்லாயிரம் டாலர் கொட்டிக் கொடுத்தவர்களின் சினத்தையும் வழக்குகளையும் விரிவாக வெளியிட்டது. அவர்களுள் பலர் வாங்கியவை சால்வடோர் டாலியின் பெயரால் வந்த அச்சுப் படங்கள். டாலியின் கையொப்பம் தனிக்கதை. 1974-இல் அந்தோரா நாட்டுக்குச் சென்ற ஒரு வண்டியைப் பிரெஞ்சுச் சுங்கத்தார் நிறுத்தியபோது, டாலி கையொப்பமிட்ட வெற்றுத் தாள்கள் நாற்பதாயிரம் இருந்தனவாம். கையொப்பம் உண்மை, அதன் மேலே வரவேண்டிய படம் பிறகு யாராலோ வந்து சேரும்.

அமெரிக்காவின் தாமஸ் கின்கேட் என்ற ஓவியர், 1958 முதல் 2012 வரை வாழ்ந்தவர், துணியில் அச்சிட்ட தம் படங்களின் மேல் பயிற்சி பெற்ற பணியாளரைக் கொண்டு ஆங்காங்கே வண்ணம் தொட்டு வைக்கச் செய்து, அப்படிகளைக் கூடுதல் விலைக்கு விற்றார். 'கையால் மெருகேற்றியது' என்னும் சொல்லில் எவருடைய கை என்ற கேள்வி இருப்பது நமக்கு அப்போதுதான் புரிந்தது.

இதையெல்லாம் படித்த பிறகும் ஒரு நெருடல் நீங்கவில்லை. அச்சுப் படம் என்பதற்காக நாம் ஏன் இவ்வளவு நொந்துகொள்ள வேண்டும்? படிகளால் வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! மதுரையிலிருந்து வைகைக் கரையோரமாகக் கிழக்கே போனால் இடைக்காட்டூர். ரெய்ம்ஸ் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டு அருட்தந்தை பெர்டினான்ட் செல்லே 1894-இல் எழுப்பிய திரு இருதய ஆலயம் அங்கே இருக்கிறது. கட்டடமே ஒரு படிதான். அதன் சொரூபங்கள் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்தவை. அக்காலத்துப் பிரெஞ்சுச் சொரூபங்களுள் பெரும்பாலானவை அச்சில் வார்த்து எடுத்தவை. ஒரே முகம் உலகெங்கும் பல ஆலயங்களில் இருக்கும். அதனால் அவற்றின் முன் முழந்தாளிட்டவர் எவரும் ஏமாறவில்லை. அதே 1894-இல்தான் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கித் தம் ஓவியங்களை வீடுதோறும் போகச் செய்தார். செட்டிநாட்டு மாளிகைச் சுவர்களில் அந்தப் படிகள் இடம்பிடித்தன. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டியில் தொங்கி, ஆண்டு முடிந்ததும் சட்டத்துக்குள் புகுந்து பூசை அறைக்குப் போயின. நம் தாயார் செபப் புத்தகத்தினுள் வைத்திருந்த சகாய அன்னையின் சிறு படம், எத்தனை இலட்சம் படிகளுள் ஒன்றோ! அதற்கு எண்ணும் இல்லை, சான்றிதழும் இல்லை. அதை விலைக்குக் கேட்டால் நாம் கொடுப்போமா?

ஆக, படி என்பதில் நோவில்லை. நம்மிடம் மட்டுமே இருக்கிறது என்று நினைத்ததில்தான் நோவு. சுத்தியல் விழுந்து மூன்று அட்டைகள் உயர்ந்தபோது நெஞ்சில் சுருக்கென்றது அதுதான்.

நல்முத்துத் தேடிய வணிகரின் உவமையையும் இந்நாட்களில் வேறு விதமாகப் படித்தோம். உள்ளதையெல்லாம் விற்று அம்முத்தை வாங்கினார் என்று அவருடைய துணிவைப் புகழ்ந்தே இதுவரை மறையுரை ஆற்றியிருக்கிறோம். அவர் வணிகர் என்பதை நாம் கவனித்ததில்லை. முத்தைப் பார்த்த மாத்திரத்தில் எடை போடத் தெரிந்தவர். வாழ்நாளெல்லாம் முத்துகளையே கண்டவர். ஓவியத்தில் நமக்கு அந்தக் கண் இல்லை. சிவகாசிக்காரருக்கு அச்சில் அது இருந்தது. நம் பங்கின் ஆட்டு வியாபாரிக்குக் கிடாயின் பல்லில் இருக்கிறது.

கண் உள்ளவர்களின் ஏலம் எப்படி நடக்கிறது என்பதையும் அந்த ஆண்டே நாளிதழில் பார்த்தோம். 2023 செப்டம்பரில் புதுதில்லியில் அம்ரிதா ஷெர்கில் 1937-இல் வரைந்த 'கதைசொல்லி' என்ற ஓவியம் 61 கோடியே 80 இலட்சம் ரூபாய்க்குப் போயிற்று. அத்தகைய ஓவியம் எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றது, எங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது என்ற வரலாறு அதனுடனேயே வரும். விலை கூடுதலா குறைவா என்று தீர்ப்பிட நாம் யார்? ஆனால் அங்கே சுத்தியல் விழுந்த பிறகு 'இதே படம் வேறு யாருக்கேனும்' என்று கேட்க முடியாது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழம்பொருள் வாங்குபவர் ஒருவர் நம் கோயிலுக்கு வந்தார். பெரிய வெள்ளியன்று மக்கள் முத்தமிடும் வியாகுல அன்னையின் மரச் சொரூபத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்து, ஒரு விரல் உடைந்த சொரூபம். "புதிதாக ஒன்று செய்து தருகிறேன், மேற்கொண்டு ஒரு தொகையும் தருகிறேன்" என்றார். மக்கள் பெருவணக்கம் செலுத்தும் திருவுருவங்களைத் திருத்தூது ஆட்சிப்பீடத்தின் அனுமதியின்றிக் கைமாற்றக் கூடாது என்று திருச்சபைச் சட்டத்தின் 1190-ஆம் எண் கூறுவதை அவருக்கு எடுத்துரைத்து அனுப்பிவைத்தோம். நமக்கு அன்று சட்டம் நன்றாகவே தெரிந்திருந்தது. விற்கக் கூடாததை அறிந்திருந்த நமக்கு, வாங்கக் கூடாததை அறிய அறுபத்தைந்தாயிரம் ரூபாய் ஆயிற்று.

ஆகஸ்டில் செவிலியர் கல்லூரியிலிருந்து அந்தப் பெண்ணுக்குக் கடிதம் வந்தது. நம் கையில் இருந்தது நாற்பதாயிரத்துக்கும் குறைவு. அவளுடைய தாயை வரச் சொன்னோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாம் அமர்ந்து கேட்டுப் பழக்கமே தவிர, நேருக்கு நேர் சொல்லிப் பழக்கமில்லை. நடந்ததைச் சுருக்காமல் கூறினோம். கப்பல், அட்டை, கைதட்டல், இரட்டிப்பாக்கும் கணக்கு எல்லாவற்றையும். அவர் இடையிடாமல் கேட்டார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தோம். கோபித்துக்கொண்டால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. கடைசியில் எழுந்து சுவரருகே சென்று படத்தைப் பார்த்தார்.

"படகுல நிக்கிறது யாரு சாமி?"

தெரியவில்லை என்றோம். ஆண்டவர் என்று நாமாக நினைத்துக்கொண்டோம் என்றும் கூறினோம்.

"அவுகளா இருந்தா கரையப் பாத்தில்ல நிப்பாக" என்றார் அவர். "இவரு அந்தப் பக்கம் பாத்து நிக்காரு."

இரண்டு மாதங்களாக அந்தப் படத்தை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த நாம், அந்த உருவம் நமக்கு முதுகைக் காட்டி நிற்பதை அதுவரை கவனிக்கவில்லை.

கையிலிருந்ததைக் கொடுத்தோம். மீதிக்குக் கல்லூரியை நடத்தும் அருட்சகோதரியிடம் பேசித் தவணை கேட்டோம். நம் மாதப்படியிலிருந்து பத்துத் தவணை. காப்பிப் பொடியின் தரம் அந்தப் பத்து மாதமும் சற்றுக் குறைந்திருந்தது என்று சமையல்கார அம்மாள் இன்றும் சொல்லிக் காட்டுவார். இரண்டாமாண்டுக்கு அந்தப் பெண்ணே வங்கிக் கடன் பெற்றுக்கொண்டாள். எவரையும் நம்பி இருக்கக் கூடாது என்று அவள் கற்றுக்கொண்டிருந்தால் அதில் நம் பங்கும் இருக்கும்.

செப்டம்பர் திருவிழா நெருங்கியபோது, படத்தை ஏலத்தில் வைக்கலாம் என்று பேரவையில் நாமே கூறினோம். அது நமக்குக் கடினமாக இருந்தது. உபதேசியாருக்கு இன்னும் கடினம். "என்ன சாமி சொல்லிக் கூறுறது?" என்று கேட்டார். உள்ளதைச் சொல்லுங்கள் என்றோம். அப்படியே அவர் கிடாக்குட்டிக்கும் பரங்கிக்காய்க்கும் இடையில் படத்தை உயர்த்திப் பிடித்து, "நம்ம சாமி கப்பல்ல வாங்குன படம். அச்சுப் படந்தான். இத மாதிரி முந்நூத்தம்பது இருக்குதாம். சட்டம் நல்ல தேக்கு. நூறு ரூபா... ஒரு தரம்" என்றார். கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்தோம், சிரிக்க முடிந்ததே அன்னையின் அருள்.

'ஏலம்' என்ற நம் சொல், போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' என்பதிலிருந்து வந்தது என்று மொழி அறிஞர் கூறுவர். அந்தச் சொல்லும் கப்பலில் வந்து கரையேறியதுதான். வந்த இடத்தில் வேப்பமரத்தடிக்கு வந்து, உப்புக்கும் சேவலுக்கும் பழகி, நம் ஊர்ச் சொல்லாகிவிட்டது. நூறு, இருநூறு என்று படம் ஏறிக்கொண்டிருந்தபோது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆட்டு வியாபாரி நாலாயிரத்து முந்நூறுக்கு எடுத்தார். பரங்கிக்காய் ஐயாயிரத்து அறுநூறுக்குப் போயிற்று. பணம் எண்ணிக் கொடுக்க வந்தபோது, சான்றிதழையும் மதிப்பீட்டுத் தாளையும் அவரிடம் நீட்டினோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொன் முத்திரையைத் தடவிப் பார்த்தார். "இது எதுக்கு சாமி? நீங்களே வச்சுக்கங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் படத்தை மட்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். அது இப்போது அவருடைய கறிக்கடையில், எடைக்கல்லுக்கு மேலே தொங்குகிறது. சான்றிதழ் நம் மேசை இழுப்பறையில், ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு அடியில் இருக்கிறது.